கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி மாற்ற முடியாதா?

கேள்வி: எங்கள் குழந்தை 23 வாரத்திலேயே பிறந்துவிட்டது. எடை 580 கிராம். பிரசவத்துக்கு முன்பே ‘தேவையான எல்லா சிகிச்சையும் கொடுங்கள்’ என்று கையெழுத்துப் போட்டோம். இப்போது குழந்தை வென்டிலேட்டரில் இருக்கிறது. மூளையின் இரண்டு பக்கமும் பெரிய ரத்தக்கசிவு என்று ஸ்கேனில் தெரிகிறது. ‘போதும், நிறுத்திவிடலாம்’ என்கிறேன் நான். மனைவிக்கு மனம் வரவில்லை. அந்தக் கையெழுத்து எங்களைக் கட்டுப்படுத்துமா? நிறுத்தினால் கொலைக் குற்றமாகுமா?

பதில்: கையெழுத்து விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சம்மதப் படிவம் என்பது டாக்டருக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி, அவ்வளவுதான். அது கடன் பத்திரம் இல்லை. நிலைமை மாறினால் அனுமதியையும் மாற்றலாம்.

ஆனால் நீங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெற்ற உடனே குழாயை எடுத்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். பெற்றோர் குழந்தையின் சார்பில் பேசுகிறவர்கள். குழந்தைக்குச் சொந்தக்காரர்கள் அல்ல. டெக்சாஸில் 1990இல் இதே 23 வாரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. பெற்றோர் வேண்டாம் என்று சொல்லியிருந்தும் மருத்துவர்கள் உயிர்ப்பித்தார்கள். குழந்தை கடுமையான ஊனத்தோடு பிழைத்தது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். பிறந்த கணத்தில்தான் குழந்தையின் நிலையைப் பார்க்க முடியும், அப்போது சம்மதம் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்று 2003இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் மருத்துவமனைப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உங்கள் நிலை வேறு. அந்த அவசரக் கட்டம் தாண்டிவிட்டது. கலந்து பேச நேரம் இருக்கிறது.

அப்புறம், கொலைக் குற்றம் பற்றி. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990இல், 27 வாரத்தில் பிறந்து மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையை மறுபடி வென்டிலேட்டரில் போட வேண்டியதில்லை என்றது. அந்த உயிர் வாழ்வு குழந்தைக்கே தாங்க முடியாததாக இருக்குமா என்பதுதான் அங்கே அளவுகோல். பலன் இல்லாத சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதும், தொடங்கியதை நிறுத்துவதும் ஒன்றே என்று பல நாட்டுச் சட்டங்கள் பார்க்கின்றன. எல்லா நாடும் அப்படி இல்லை: இஸ்ரேலின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், ஓடிக்கொண்டிருக்கும் வென்டிலேட்டரை நிறுத்த விடுவதில்லை. உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை ஒருமுறை கட்டாயம் பாருங்கள். ஊசி போட்டு உயிரை எடுப்பது வேறு விஷயம். கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் அது குற்றம்.

இனி உங்கள் வீட்டு விஷயம். மனைவி உணர்ச்சிவசப்படுகிறார் என்று ஒதுக்காதீர்கள். 26 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தைக்குச் செயற்கைச் சுவாசம் தர வேண்டியதில்லை என்று 2004இல் ஓர் ஆங்கில நீதிமன்றம் சொன்னது. பெற்றோர் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தை தேறியது, அடுத்த ஆண்டே அந்த உத்தரவு விலக்கப்பட்டது. கணிப்புகள் பொய்ப்பதுண்டு. அதற்காக எல்லாக் கணிப்பும் பொய் என்று ஆகிவிடாது.

ஆகவே ‘நிறுத்தவா, வேண்டாமா’ என்று இருவரும் மோதிக்கொள்ளாதீர்கள். மூத்த மருத்துவரோடு ஒன்றாக உட்காருங்கள். ரத்தக்கசிவு எந்த அளவு, நடக்கவும் பேசவும் என்ன வாய்ப்பு, இப்போது குழந்தைக்கு வலி இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். இன்னும் சில நாள் பார்ப்போம், எது தெரிந்தால் தொடர்வோம், எது தெரிந்தால் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே பேசி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். இதைத்தான் நான் பெரிதும் நம்புகிறேன். பேசிய பிறகும் நீங்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை என்றால், இருவரில் ஒருவர் சொல்லை மட்டும் கேட்டு மருத்துவமனை நிறுத்தக் கூடாது. மருத்துவமனையில் இப்படிச் சிக்கலான முடிவுகளை ஆராயும் நெறிமுறைக் குழு இருந்தால் அங்கே போகலாம். நீதிமன்றம் கடைசி வழி.

நிறுத்துவது என்று முடிவானால், வலி நிவாரணம் தொடரும் என்பதையும், குழந்தையை நீங்கள் மடியில் வைத்திருக்கலாம் என்பதையும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.