சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பியில் எல்லோரும் ஏன் இங்கிலாந்தையே குறி வைக்கிறார்கள்?

ஆறே நாடுகள் ஆடும் தொடருக்கு ஏன் இத்தனை ஆரவாரம், அதிலும் ஏன் எல்லோருக்கும் இங்கிலாந்து மேல் கண் என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக விடாமல் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நான்கும் 1883-ல் தங்களுக்குள் ஆடத் தொடங்கிய போட்டி இது. பிரான்ஸ் 1910-லும் இத்தாலி 2000-லும் சேர்ந்தன. உலகக் கோப்பையில் தோற்றால் நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். இங்கே அடுத்த வருடமே கணக்குத் தீர்க்கலாம். அதனால் பகை ஆறுவதே இல்லை.

ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதும் கோப்பைக்குப் பெயர் கல்கத்தா கோப்பை. ஆமாம், நம் கல்கத்தாதான். அங்கே ஆங்கிலேயர்கள் நடத்திய ரக்பி கிளப்பை மூடியபோது, வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, கோப்பையாக அடித்து அனுப்பினார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்பு, மூடியின் மேல் யானை. 1879-லிருந்து அதற்காக ஆடுகிறார்கள். 1990-ல் தோல்வியே காணாமல் வந்த இரு அணிகளும் எடின்பரோவில் மோதின. ஸ்காட்லாந்து கேப்டன் டேவிட் சோல் ஓடி வராமல், அணியை மெதுவாக நடத்தியே மைதானத்துக்குள் அழைத்து வந்தார். 13-7 என்று வென்றார்கள். அந்த நடையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

ஆனால் என்னை மிகவும் பாதித்தது டப்ளின் கதை. 1972 ஜனவரியில் வட அயர்லாந்தின் டெரியில் பேரணி போனவர்களை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. கொதித்துப்போன மக்கள் டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகத்தையே எரித்தார்கள். அந்த வருடம் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் டப்ளினுக்கு ஆட வரவில்லை. பாரிஸிலும் லண்டனிலும் ஜெயித்துவிட்டு வந்திருந்த அயர்லாந்துக்கு அது பெரிய இழப்பு. தொடர் முடியாமலே போனது.

அடுத்த வருடம் இங்கிலாந்தின் முறை. வருவார்களா என்று எல்லோருக்கும் சந்தேகம். வந்தார்கள். மைதானத்தில் கால் வைத்ததும் ஐரிஷ் ரசிகர்கள் எழுந்து நின்று, நிமிடக்கணக்கில் கைதட்டினார்கள். ஆட்டத்தில் 18-9 என்று இங்கிலாந்து தோற்றது. அன்று இரவு விருந்தில், நாங்கள் பெரிய ஆட்டக்காரர்களாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் வந்துவிடுகிறோம் என்ற பொருளில் பேசினார் இங்கிலாந்து கேப்டன் ஜான் புல்லின். அதையும் கைதட்டி ஏற்றார்கள்.

அப்புறம் 2007. அயர்லாந்தின் வழக்கமான மைதானத்தை இடித்துக் கட்டுவதற்காக மூடியிருந்ததால், இங்கிலாந்துடனான ஆட்டம் டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்துக்குப் போனது. அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த 1920-ல், கேலிக் கால்பந்து என்ற ஐரிஷ் விளையாட்டைப் பார்க்க வந்த கூட்டத்தின் மேல் பிரிட்டிஷ் படைகள் சுட்டதில் 14 பேர் உயிரிழந்த இடம் அது. செத்தவர்களில் மைக்கேல் ஹோகன் என்ற ஆட்டக்காரரும் ஒருவர். அவர் பெயரில் அங்கே ஒரு கேலரியே இருக்கிறது. அந்த மண்ணில் இங்கிலாந்தின் தேசிய கீதம் ஒலிக்கப்போகிறது என்றதும் நாடே பதறியது.

கீதம் ஒலித்தபோது கூச்சலே இல்லை. 80,000-க்கும் மேற்பட்டவர்கள் மரியாதையோடு நின்றார்கள். அடுத்து அயர்லாந்தின் கீதம். ஜான் ஹேஸ் என்ற மலை போன்ற வீரர் கண்ணீர் வழியப் பாடினார். பிறகு ஆட்டம் தொடங்கியது. அயர்லாந்து 43, இங்கிலாந்து 13.