லினக்ஸ்ல சிபியு கவர்னர் செட்டிங்க யூசருங்களுக்கு எப்படி எழுதித் தர்றது?

காட்பாடி லேப்ல இருக்கற லினக்ஸ் மெஷினுக்கு கைடு எழுதறேன்னு சொல்லி, கவர்னர் (சிபியு ஸ்பீட எவ்ளோ வெக்கணும்னு முடிவெடுக்கறது) பத்தி என்ன சொல்லணும்னு கேட்டிருக்கீங்க. மொதல்ல எந்த டிரைவர் (சிபியு ஸ்பீட மாத்தற சாஃப்ட்வேர்) ஓடுதுன்னு பாக்கச் சொல்லுங்க, ஏன்னா ஏசிபிஐ டிரைவர்ல பவர்சேவ்ங்கற கவர்னர் வெச்சா ஸ்பீடு அடிமட்டத்துலயே நின்னுடும், ஆனா இன்டெல் பிஸ்டேட்ங்கற டிரைவரோட ஆக்டிவ் மோட்ல அதே பவர்சேவ் லோடுக்கு ஏத்தமாதிரி ஏத்தி எறக்கும், இங்கதான் எல்லாரும் கொழம்பறாங்க. பர்ஃபார்மன்ஸ் கவர்னர் வெச்சா எப்பவும் மேல் லிமிட்டத்தான் கேக்கும், ஆனா வேலூர் மே மாச வெயில்ல ஏசி இல்லாத ரூம்ல சிப் சூடேறி தானாவே ஸ்பீட கொறைச்சுக்கும், அப்புறம் செட்டிங் வேலை செய்யலன்னு உங்களத்தான் திட்டுவாங்க. ஏசிபிஐல ஷெட்யூடில்ங்கற கவர்னர் இருந்தா அதுவே போதும்ங்கறது என் கருத்து. 2016ல லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல் 4.7ல வந்தது, ஷெட்யூலர் (எந்த புரோகிராம் எப்ப ஓடணும்னு பாத்துக்கற கெர்னல் பகுதி) வெச்சிருக்கற லோடு கணக்க பாத்தே முடிவெடுக்கும். சிபியுபவர் கமாண்டுல கவர்னர மாத்தினது ரீபூட் பண்ணா போயிடும், அத போல்டுல போடுங்க.