பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதியவர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் அப்பா போன ஆவணியில் காலமானார். 1974இல் ஒரு தேசிய வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரக் கிளைகளிலேயே காலத்தைக் கழித்தவர். நானும் தம்பியும் கல்லூரி முடித்த பிறகுதான் ஆபீசர் ஆனார். வருடத் திதிக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடலாம் என்று உட்கார்ந்தால், நேர்மையானவர், குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவர் என்பதற்கு மேல் வரி ஓடவில்லை. ஒரு மனக்குறையும் உண்டு. என் பிறந்த நாள் ஏப்ரல் 1. ஹைஸ்கூல் படித்த காலம் முழுக்க அன்று காலையில் அப்பா வீட்டில் இருந்ததில்லை. கணக்கு முடிப்பு என்று பேங்கிலேயே கிடப்பார். இப்போது பீரோவை ஒழித்தபோது, பதவி உயர்வு வேண்டாம் என்று அவர் எழுதிய மூன்று கடிதங்களின் கார்பன் நகல்கள் கிடைத்தன. எங்களிடம் சொன்னதே இல்லை. அப்பா ஏன் முன்னேற ஆசைப்படவில்லை என்று தம்பி கேட்கிறான்.

– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

அன்புள்ள சகோதரி,

தம்பிக்கான பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். பிள்ளைகள் கல்லூரி முடித்த பிறகுதான் ஆபீசர் ஆனார் என்கிறீர்களே, அதுதான். கிளார்க் ஆபீசரானால் மாற்றலும் கூடவே வரும். மூன்று வருடத்துக்கு ஓர் ஊர், வெளிமாநிலமாகவும் இருக்கலாம். கூட்டிக்கொண்டு போனால் உங்கள் படிப்பு கெடும். விட்டுவிட்டுப் போனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அப்பா முகம். அந்த மூன்று நகல்களிலும் தேதி இருக்கும். அந்தந்த வருடம் வீட்டில் என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். நீங்கள் பத்தாவது படித்தீர்களா, பாட்டி படுக்கையில் கிடந்தாரா என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

அப்புறம், அந்த ஏப்ரல் 1. வங்கிகளின் கணக்காண்டு 1989இல்தான் மார்ச்சுக்கு மாறியது. அதற்கு முன் டிசம்பர் 31. உங்கள் பிறந்த நாளுக்கு வினை வந்தது அப்போதுதான். கம்ப்யூட்டர் வராத கிளைகளில் ஒவ்வொரு லெட்ஜரிலும் வட்டியைக் கையால் போட்டு, கூட்டி, எல்லாம் கிளையின் மொத்தக் கணக்கு இருக்கும் பொதுப் பேரேட்டோடு ஒத்துப்போக வேண்டும். பத்து பைசா இடித்தாலும் பையிலிருந்து எடுத்துப் போட்டுச் சரிக்கட்ட முடியாது. ஒருவர் கணக்கில் ஆயிரம் ரூபாய் கூடி, இன்னொருவர் கணக்கில் பத்து பைசா குறைய ஆயிரம் விட்டுப்போயிருந்தாலும், வெளியே தெரிவது அந்தப் பத்து பைசாதான். அதைத் தேடித்தான் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். இதனால் உங்கள் குறை இல்லையென்று ஆகிவிடாது. பிறந்த நாள் காலையில் அப்பாவைத் தேடிய பிள்ளையின் ஏக்கம் நியாயமானது. அதையும் மலரில் எழுதுங்கள்.

எனக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது. ஆனால் பாலக்கோடு பக்கத்தில் அவரைப் போல ஒருவரிடம் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. 1986 என்று நினைவு. மானாவாரிக் கடலை போட விதைக்குப் பணமில்லை. அடகுக் கடையில் நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி கேட்கிறான் என்று, கழுத்துச் செயினைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்தவர் நகையைப் பார்க்கவே இல்லை. "நிலம் யார் பேர்ல இருக்குதும்மா?" என்று கேட்டார். அப்புறம் ஒரு செலானைத் திருப்பிப் போட்டு, சிட்டா, அடங்கல், வரி ரசீது என்று ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, ஒவ்வொரு எழுத்தும் பலகையில் எழுதுவது போலப் பெரிதாக இருந்தது. "செயினைப் போட்டுக்கங்க. பயிர்க்கடனுக்கு இது போதும்" என்றார். அதன் வட்டி, வருடக் கணக்கில் பார்த்தால், அடகுக் கடை வட்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அம்மா அந்தச் செலானை வெகு காலம் அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தார்.

1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது நாடு முழுக்க இருந்த வங்கிக் கிளைகள் 8,262. 1990இல் 59,000க்கு மேல். இத்தனை கிளைகளைத் திறந்தது அரசாங்கம். பேங்க் வாசலை மிதிக்கவே பயந்த ஜனங்களை உள்ளே கூட்டி வந்தது உங்கள் அப்பா போன்றவர்கள். 1989இல் தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியதும் தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது அதற்குள் இருந்தது, 2004இல்தான் பிரிந்தது. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையெழுத்துப் போடப் பழகிக் கணக்குத் தொடங்கிய வருடங்களில் உங்கள் அப்பா கவுன்ட்டரில் இருந்திருக்கிறார்.

அதனால் மலருக்கான பக்கங்கள் பீரோவில் மட்டும் இல்லை. அவர் வேலை பார்த்த கிளைகளின் ஊர்களுக்கு ஒருமுறை போய் வாருங்கள். அந்தக் காலத்துக் குழுத் தலைவிகளுக்கு இப்போது அறுபது தாண்டியிருக்கும். இன்னார் மகள் என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை அவர்கள் சொல்வார்கள். திதிக்கு முன்னாலேயே போங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்