அத்தை என்றால் எந்த அத்தை?

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள். பரம்பரையாக வரும் புற்றுநோய்களைப் பார்க்கும் மரபியல் மருத்துவராக ஆசைப்படுகிறாள். அப்படி ஒரு வேலை இருக்கிறதா டாக்டர்? எந்நேரமும் ஆய்வகத்திலேயே இருக்க வேண்டுமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: இருக்கிறது அம்மா. பதினெட்டு வருடமாக நான் செய்வது அதைத்தான். படிப்புதான் நீளம். பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், மகப்பேறு போன்ற ஒன்றில் மூன்று வருட மேற்படிப்பு. அப்புறம் மருத்துவ மரபியலில் இன்னொரு மூன்று வருட டி.எம். என்ற உயர்சிறப்புப் பட்டம். லக்னோவில் எஸ்.ஜி.பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனம், டெல்லி எய்ம்ஸ் போன்ற சில இடங்களில்தான் உண்டு.

ஆய்வகத்துக்கு ரத்தம்தான் போகும். நான் நோயாளிக்கு எதிரே பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து அவருடைய குடும்ப வரைபடம் போடுவேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு, புற்றுநோய் வந்தவருக்குக் கறுப்பு. மூன்று தலைமுறையாவது வரைய வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோயோடு ஒரு பெண் வந்தார், வயது 38. "எங்க வீட்ல வேற யாருக்கும் இல்ல டாக்டர்" என்றார். அரை மணி நேரம் பேசிய பிறகு, "ஒரு அத்தை மட்டும் வயித்துல நீர் கோத்துப் போய்ட்டாங்க" என்றார். எந்த அத்தை? மாமாவின் மனைவியையும் அத்தை என்கிறோமே. அவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றில்லை. "அப்பாவோட கூடப் பிறந்த தங்கச்சி." எந்த வருடம் என்று தெரியவில்லை. "என் சடங்குக்குத் தட்டு எடுத்துட்டு வந்தாங்க, அடுத்த பொங்கலுக்கு இல்ல." கணக்குப் போட்டால் அத்தைக்கு 45கூட இருக்காது. அது சினைப்பைப் புற்றுநோயாக இருக்கலாம் என்று எனக்குப் பட்டது. பரிசோதனையில் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் பிழை இருந்தது. மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களுக்கான வாய்ப்பைக் கூட்டுகிற பிழை அது. அவருடைய அப்பாவுக்கும் பார்த்தோம், அவரிடமும் இருந்தது. எழுபது வயதில் திடமாக இருக்கிறார். மார்பகப் புற்றுநோய் அம்மா வழியில்தான் வரும் என்று படித்தவர்களே நம்புவது எனக்குத் தீராத ஆதங்கம்.

இந்தத் துறைக்கு வழிபோட்டவர் அமெரிக்காவின் ஹென்றி லிஞ்ச். அவரைப் பற்றி உங்கள் மகளிடம் சொல்லுங்கள். 1962இல் ஒமாஹா நகரில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, குடியால் படுத்திருந்த ஒரு நோயாளி அவரிடம், தான் குடலில் புற்று வந்துதான் சாகப்போவதாகச் சொன்னார். குடும்பத்தில் எல்லாரும் அப்படித்தான் போனார்களாம். லிஞ்ச் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போய் வரைபடம் போட்டார். 1966இல் அதைப் பற்றி எழுதினார். புற்றுநோயாவது, பரம்பரையாவது என்று பலரும் ஒதுக்கினார்கள், ஆய்வுக்கான பணம் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டது. காரணமான மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டது 1993 முதல்தான். கால் நூற்றாண்டுக்கு மேல் அவர் குடும்பங்களின் பேச்சை நம்பியே வேலை செய்திருக்கிறார். இன்று அந்த நோய்க்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்றே பெயர்.

கஷ்டம் முடிவு வந்த பிறகுதான். நான் சொன்ன பெண்ணுக்கு ஒரு தங்கை உண்டு. அதே பிழை அவளிடமும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தெரிந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்கலாம், பிள்ளை பெற்ற பிறகு சினைப்பையை எடுத்துவிடலாம். ஆனால், "அவளுக்கு இப்பத்தான் மாப்பிள்ளை பாக்குறோம் டாக்டர்" என்று அவர்களுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. அவசரப்படுத்தாமல் நான்கு முறை பேசினேன். போன வாரம் தங்கை தனியாக வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். முடிவுக்குக் காத்திருக்கிறோம்.

கேள்வி: தாத்தாவுக்குப் புகையிலையால் வாய்ப்புற்று. எங்களுக்கும் மரபணுப் பரிசோதனை தேவையா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: அது ஒன்று மட்டும் என்றால் தேவையில்லை. புற்றுநோய்களில் பரம்பரையாக வருபவை பத்தில் ஒன்றுக்கு மேல் போகாது. வீட்டில் வேறு யாராவது புகையிலை போடுகிறார்களா? வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.