பிடிக்காத தலைவருக்காகவும் ஜெபிக்கணுமா? தேசத்துக்கான ஜெபத்தை நடத்துற சகோதரிக்கு ஒரு பதில்

கேள்வி: ஐயா, எங்க சபை பெண்கள் ஐக்கியத்துல வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடக்குது, அதுல தேசத்துக்கான ஜெபத்தை இனிமே நான்தான் நடத்தணும்னு ஐயரம்மா (எங்க போதகரோட மனைவி) சொல்லிட்டாங்க. கால் மணி நேரம். "தலைவர்களை ஆசீர்வதியும், ஞானத்தைத் தாரும்"னு ரெண்டு நிமிஷத்துல எனக்கு வார்த்தை தீர்ந்துடுது. எங்க கூட்டத்துல எல்லா கட்சிக்காரங்க வீட்டுப் பொம்பளைங்களும் இருக்காங்க, ஒரு அக்கா "அவருக்காகல்லாம் என்னால ஜெபிக்க முடியாது"ன்னு நேராவே சொல்லிட்டாங்க. எலெக்‌ஷன் நேரத்துல எப்படி ஜெபிக்கிறதுன்னும் தெரியல. (தூத்துக்குடி மாவட்டத்துல இருந்து ஒரு சகோதரி)

பதில்:

சிஸ்டர், அந்த அக்கா சொன்னதுல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுக்குப் பதில் தெரிஞ்சுட்டா மத்தது தானா வந்துடும். அவங்க மேல வருத்தப்படாதீங்க, மனசுல ஒண்ணு வச்சு வாயில ஒண்ணு சொல்லாம ஆண்டவர் சமுகத்துல உள்ளதைச் சொன்னாங்களே, அதுவே நல்லது. ஆனா 1 தீமோத்தேயு 2-ம் அதிகாரத்துல "ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும்" ஜெபிக்கணும்னு பவுல் சொல்றாரே, அப்போ ராஜான்னா யாருன்னு அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. பவுலோட கடைசி வருஷங்கள்ல ரோமாபுரியை ஆண்டவன் நீரோ, 54-ல இருந்து 68 வரைக்கும். 64-ல ரோம் பத்தி எரிஞ்சப்போ பழியைத் தூக்கி கிறிஸ்தவங்க தலையில போட்டவன். அப்படிப்பட்டவங்க சிங்காசனத்துல இருந்த காலத்துல வளர்ந்த சபை, நல்ல ராஜா வரட்டும் அப்புறம் ஜெபிக்கலாம்னு காத்துட்டு இருக்கல.

அதுக்கப்புறம் சுமார் 197-ம் வருஷத்துல, வட ஆப்பிரிக்காவுல கார்த்தேஜ் நகரத்துல இருந்த தெர்த்துல்லியன்ங்கிற விசுவாசி, கிறிஸ்தவங்க தேசத்துரோகிங்கன்னு குற்றஞ்சாட்டினவங்களுக்குப் பதில் எழுதும்போது நாங்க ராயனுக்காக, அதாவது ரோமச் சக்கரவர்த்திக்காக, என்னென்ன கேக்குறோம்னு வரிசையா சொல்றாரு: அவருக்கு நீண்ட ஆயுசு, நிலையான ஆட்சி, பத்திரமான வீடு, தைரியமான படை, உண்மையுள்ள ஆலோசனைச் சபை, நல்ல ஜனங்க, அமைதியான உலகம். கவனிச்சுப் பாருங்க, இதுல ராயனோட புகழ்ச்சி ஒரு வரி கூட இல்ல. எல்லாம் ஆட்சி ஒழுங்கா நடக்கிறதுக்கு வேண்டிய காரியங்கதான். அவரு எங்களுக்குக் கடவுள் இல்ல, ஆனா அவருக்காக உண்மையான கடவுள்கிட்ட கேக்குறோம்னு அதே புஸ்தகத்துல தெளிவா சொல்லிட்டாரு. ஆக ஒருத்தருக்காக ஜெபிக்கிறதுன்னா அவருக்கு ஆதரவுன்னு அர்த்தமே கிடையாது, உங்க ஐக்கியத்துல இதை முதல் வாரமே எல்லாருக்கும் சொல்லிடுங்க.

இன்னொண்ணு, அநியாயத்தைப் பாத்து வர்ற கோபத்தையும் ஜெபத்துக்குள்ள கொண்டு வரலாம். 1985 ஜூன் 16, தென்னாப்பிரிக்காவுல, சொவெட்டோவுல பள்ளிக்கூடப் பிள்ளைங்களைச் சுட்ட 1976-ம் வருஷத்து சம்பவத்தோட நினைவு நாள்ல, அநியாய ஆட்சி முடிவுக்கு வரணும்னு ஜெபிக்கச் சொல்லி அங்க சபைகளுக்கு அழைப்பு போச்சு. ஆளுறவங்களுக்காக ஜெபிக்கணுமே தவிர ஆட்சி போகணும்னு ஜெபிக்கலாமான்னு அங்கயே சபைக்குள்ள பெரிய வாக்குவாதம் வந்தது. என்னைக் கேட்டா அது சரியான ஜெபம்தான்னு சொல்லுவேன். சங்கீதக்காரன் கேக்காததையா அவங்க கேட்டுட்டாங்க? ஆனா அநியாயம் ஒழியணும்னு கேக்குறது வேற, ஒரு ஆளு சாகணும், அவன் குடும்பம் நாசமா போகணும்னு கேக்குறது வேற. சிலர் எதிரியைச் சபிக்கிற 109-ம் சங்கீதத்தை எடுத்து வச்சுக்கிட்டு பிடிக்காத மந்திரி பேரை அதுல போட்டு ஜெபிக்கிறாங்க, அதை உங்க கூட்டத்துல அனுமதிக்காதீங்க. உம்முடைய ராஜ்யம் வருவதாகன்னு ஜெபிச்ச அதே வாயால இதைச் சொல்ல முடியாது. அந்த அக்காகிட்ட, "அவரை ஆசீர்வதியும்னு உங்களுக்குச் சொல்ல வரலைன்னா, அவர் கையெழுத்து போடுற காரியத்துல ஏழைக்கு அநியாயம் நடக்கக்கூடாதுன்னு ஜெபிங்க"ன்னு சொல்லிப் பாருங்க. அதை அவங்களால முழு மனசோட ஜெபிக்க முடியும்.

இப்போ உங்க ரெண்டு நிமிஷப் பிரச்சனைக்கு வருவோம். வார்த்தை ஏன் தீருதுன்னா நாம ஆளைப் பாத்து ஜெபிக்கிறோம், அந்த ஆளோட வேலை என்னன்னு பாக்குறதில்ல. பிரதம மந்திரிக்கு ஞானத்தைத் தாரும், முதல் மந்திரிக்கு ஞானத்தைத் தாரும், கலெக்டருக்கு ஞானத்தைத் தாரும்னு ஞானத்தை மட்டும் எத்தனை தடவைதான் கேக்குறது. 72-ம் சங்கீதத்தை எடுத்துப் படிங்க, அது ராஜாவுக்கான ஜெபம்தான், அதுல ராஜாகிட்ட எதிர்பாக்குறது என்னன்னா சிறுமைப்பட்டவனுக்கு நியாயம், ஏழையோட பிள்ளைகளுக்கு விடுதலை, கூப்பிட ஆள் இல்லாதவன் கூப்பிட்டா கேக்குற காது. இதை அப்படியே எடுத்து நம்ம தாலுகாவுக்குக் கொண்டு வாங்க. நம்ம ஊர்ல "கூப்பிடுகிற எளியவன்" எங்க போய் நிக்குறான்? விஏஓ ஆபீஸ்ல, தாலுகா ஆபீஸ்ல, ரேஷன் கடையில, ஆரம்ப சுகாதார நிலையத்துல, போலீஸ் ஸ்டேஷன்ல, கோர்ட்டு வராண்டாவுல. அங்க மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவங்களுக்காகத்தான் நீங்க ஜெபிக்கணும்.

உதாரணத்துக்கு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா மாறலைன்னும் முதியோர் பென்ஷன் நின்னு போச்சுன்னும் மனுவைக் கையில வச்சுக்கிட்டு ஜனங்க காலையில இருந்து வரிசையில நிப்பாங்க. வெள்ளிக்கிழமை நீங்க கூடும்போது, "ஆண்டவரே, வர்ற திங்கட்கிழமை மனு கொடுக்கப் போற விதவைங்க, வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்க, இவங்க பஸ் சார்ஜுக்குக் கடன் வாங்கிட்டு வந்துட்டு வெறுங்கையா திரும்பக்கூடாது, அந்த மனுவை வாங்குற அதிகாரி அதைப் படிச்சுப் பாக்கிற பொறுமையை அவருக்குக் கொடும், கீழ அனுப்புற மனு மேசைக்கு அடியில போகாம இருக்கட்டும், லஞ்சம் கேக்குற கையைத் தடுத்து நிறுத்தும், லஞ்சம் வாங்காம வேலை பாக்குறதால தனியா நிக்குற ஊழியருக்குப் பெலன் கொடும்"னு ஜெபிச்சுப் பாருங்க. ஒரே ஆபீஸுக்கு அஞ்சு நிமிஷம் போயிடும், யாருக்கும் கொட்டாவி வராது, ஏன்னா அந்த வரிசையில நின்னவங்க உங்க ஐக்கியத்துலயே இருப்பாங்க.

ஒரு வாரத்துக்கு ரெண்டு, மிஞ்சினா மூணு காரியம் போதும். எல்லா இலாகாவையும் ஒரே நாள்ல முடிக்கணும்னு இல்ல. வருஷத்துல எது எப்போ வருதுன்னு பாத்து வச்சுக்கோங்க. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபை, இப்போ தமிழ்நாட்டுல மார்ச் 22, நவம்பர் 1-ம் சேர்த்து ஆறு. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஊர்ல தண்ணி, ரோடு, நூறு நாள் வேலைச் சம்பளம்னு எது எது பேசப்படணுமோ அதையெல்லாம் ஜெபத்துல வைங்க, அப்புறம் நீங்களும் எந்திரிச்சு கிராம சபைக்குப் போங்க, ஜெபிச்சுட்டு போகாம வீட்டுல இருக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. கோடையில ஜமாபந்தி (கிராம வருவாய்க் கணக்கைச் சரிபாக்குறது), ஜூன்ல பள்ளிக்கூடம் திறப்பு, சட்டசபையில பட்ஜெட், அக்டோபர்ல இருந்து வடகிழக்குப் பருவமழை. மழைன்னு சொன்னா உங்க மாவட்டத்துக்கு நான் விளக்க வேண்டியதில்ல. 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட கொட்டித் தீர்த்துச்சு, திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு நூத்துக்கணக்கான ஜனங்க மாட்டிக்கிட்டாங்க. அப்போ அணையில தண்ணி திறக்குறதை முடிவு பண்ற இன்ஜினியர், இடுப்பளவு தண்ணியில கம்பம் ஏறுற ஈபி லைன்மேன், படகுல போன தீயணைப்பு வீரர், முகாம்ல சோறு பொங்கின அங்கன்வாடி அக்கா, இவங்க எல்லாருமே பவுல் சொன்ன அந்த "யாவருக்காகவும்"க்குள்ள வர்றவங்கதான். அவங்களுக்கு நன்றி சொல்லியும் ஜெபிங்க, அதே பகுதியில ஸ்தோத்திரங்களும்னு இருக்கு, நாம அதை மட்டும் ஈஸியா விட்டுடுறோம்.

போலீசுக்காக ஜெபிக்கும்போது ரொம்ப கவனமா, ரொம்ப உண்மையா ஜெபிங்க. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல போலீஸ் பிடிச்சுட்டுப் போன தகப்பனும் மகனும் இறந்து போனது உங்க பக்கத்து வீட்டு துக்கம் மாதிரி. அதை விட்டுட்டு "காவல்துறையை ஆசீர்வதியும்"னு மேலோட்டமா சொன்னா துக்கத்துல இருக்கிறவங்களுக்கு அது காயமா இருக்கும். ராத்திரி லாக்கப்புல இருக்கிறவனோட உயிருக்காக, அடிக்க மாட்டேன்னு மேலதிகாரிகிட்ட சொல்லத் துணியிற கான்ஸ்டபிளுக்காக, உண்மையைச் சொல்ற சாட்சிக்காக, பயப்படாத மாஜிஸ்திரேட்டுக்காகன்னு பிரிச்சு ஜெபிங்க. தூக்கமில்லாம பந்தோபஸ்து பாக்குற பெண் போலீசையும் மறக்காதீங்க.

உங்க சபையிலயே கவர்ன்மென்ட் வேலையில இருக்கிறவங்க எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க, டீச்சருங்க, ஜிஹெச் நர்சுங்க, கண்டக்டர், தாலுகா ஆபீஸ் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ஒருத்தர்கிட்ட, "உங்க ஆபீசுக்காக என்ன ஜெபிக்கணும்?"னு கேளுங்க. அவங்க சொல்றது நீங்க யோசிச்சே பாத்திருக்காத ஒண்ணா இருக்கும். ஆனா அவங்க சொன்ன ஆபீஸ் விஷயத்தை ஆள் பேரோட மைக்குல சொல்லிடாதீங்க, ஜெபக் குறிப்புங்கிற பேர்ல புறணி பரவுறதை நான் நிறைய பாத்திருக்கேன், அவங்க வேலைக்கே அது உலை வச்சிடும்.

அதே மாதிரி வாட்ஸ்அப்ல வர்ற ஜெபக் குறிப்பு. இத்தனை சபைகளை எரிச்சுட்டாங்க, இத்தனை மிஷனரிகளை நாளைக்குக் கொல்லப் போறாங்க, உடனே பத்து பேருக்கு அனுப்புங்கன்னு வர்றதுல சிலது பல வருஷமா ஊர் பேரு கூட மாறாம சுத்திட்டு இருக்கு. நாள், இடம், செய்தித்தாள் எதுவும் இல்லைன்னா அதை வாசிக்காதீங்க. நிஜமாவே கஷ்டப்படுற சபைகள் இருக்காங்க, பொய்யை வச்சு ஜெபிச்சா அவங்களுக்காக நாளைக்கு யாரும் கண்ணீர் விட மாட்டாங்க.

நம்ம விசுவாசத்துல இல்லாத தலைவர்களைப் பத்தி நீங்க கேக்கல, ஆனா சீக்கிரமே யாராவது கேப்பாங்க. எஸ்றா 6:10-ல பெர்சிய ராஜா தரியு, யூதர் தனக்காகவும் தன் பிள்ளைகளுக்காகவும் ஜெபிக்கணும்னு தன் அதிகாரிகளுக்கு அனுப்பின கட்டளையில சொன்னான். எரேமியா 29-ல தங்களைச் சிறைபிடிச்சுட்டுப் போன பாபிலோனோட சமாதானத்துக்காகவே ஜெபிக்கச் சொன்னாரு கர்த்தர். ஒரு இந்து அதிகாரிக்காக ஜெபிக்கும்போது அவரு இரட்சிக்கப்படணும்ங்கிற ஒரே விண்ணப்பத்தோட நிறுத்திடாதீங்க. அவரோட உடம்பு சுகம், பிள்ளைங்க படிப்பு, அவரு நேர்மையா நடக்குறதுக்கு வர்ற இடைஞ்சல், இதெல்லாமும் ஆண்டவர் கேக்குற காரியம்தான்.

கடைசியா எலெக்‌ஷன். எந்தக் கட்சி ஜெயிக்கணும்னு சபையில ஜெபிக்காதீங்க, வீட்டுல உங்க அறைக்குள்ள என்ன வேணா கேளுங்க. மதத்தைச் சொல்லி ஓட்டு கேக்குறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஊழல் நடவடிக்கை, வேட்பாளரோட மதம் மட்டுமில்ல ஓட்டுப் போடுறவங்களோட மதத்தைச் சொன்னாலும் அப்படித்தான்னு 2017 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. வழிபாட்டு இடத்தை அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு 1988-லயே தனிச் சட்டம் இருக்கு. சட்டத்தை விடுங்க, உங்க முன்னால முழங்கால் போட்டிருக்கிற எதிர்க்கட்சி வீட்டு சகோதரி ஆமென் சொல்ல முடியாத ஜெபத்தை அவங்க மேல திணிக்கிறது சரியில்ல. ஓட்டுக்குக் காசு வாங்காம இருக்க பெலன், சாவடியில சண்டை வராம இருக்க, டியூட்டிக்குப் போற டீச்சருங்களோட பாதுகாப்பு, பொய்ப் பிரச்சாரம் எடுபடாம இருக்க, இதுக்கெல்லாம் எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்லலாம். இன்னார்தான் ஜெயிப்பாருன்னு கர்த்தர் சொன்னாருன்னு யாராவது தீர்க்கதரிசனம் சொல்ல எந்திரிச்சா மரியாதையா உக்கார வைங்க, ஐயரம்மாகிட்ட முன்னாடியே இதுக்கு அனுமதி வாங்கி வச்சுக்கோங்க.

வேட்பாளர் திடீர்னு ஜெபிக்கச் சொல்லி வந்து நின்னா விரட்ட வேண்டாம். மாலை, போட்டோ, மைக் எதுவும் இல்லாம அவருக்கு நல்ல சுகம், பொய் பேசாத நாவு, ஜெயிச்சாலும் தோத்தாலும் சமாதானம்னு சுருக்கமா ஜெபிச்சு அனுப்புங்க, அடுத்த வேட்பாளர் வந்தா அதே ஜெபம், அதே அளவு நேரம். ரிசல்ட் வந்த வெள்ளிக்கிழமை ஜெயிச்சவர் பேரைச் சொல்லி ஜெபிப்பீங்க இல்லையா, தோத்தவர் வீட்டு ஆள் உங்க ஐக்கியத்துல இருந்தா அதுக்கு முந்தின நாளே அவங்களைப் போய் பாத்து ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடுங்க.