மாத்திரையில் மரத்தூளா?

கேள்வி: இரத்த அழுத்தத்துக்காக நான் உட்கொள்ளும் அம்லோடிபின் மாத்திரையில் மருந்து 5 மில்லிகிராம்தான் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். மாத்திரையோ அதைவிடப் பல மடங்கு கனமாக இருக்கிறது. மீதியெல்லாம் மரத்தூளும் மாவும்தான் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: மூலப்பொருளைப் பொறுத்தவரை நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி, ஆனால் அதை மரத்தூள் என்று தள்ளிவிடுவது தவறு. 5 மில்லிகிராம் மருந்தைத் தனியே மாத்திரையாக வார்க்கவோ விரலால் எடுக்கவோ முடியாது என்பதால், அதனுடன் துணைப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அம்லோடிபின் மாத்திரைகள் பலவற்றில் இடம்பெறும் நுண்படிகச் செல்லுலோஸ் அவற்றுள் முக்கியமானது. மரக்கூழிலிருந்து பெற்ற தூய செல்லுலோஸை நீர்த்த அமிலத்தில் சூடாக்கினால் அதன் ஒழுங்கற்ற பகுதிகள் கரைந்துபோய், படிகப் பகுதிகள் எஞ்சும். அவற்றைக் கழுவி உலர்த்தினால் இந்த வெண்பொடி கிடைக்கிறது. அமெரிக்காவில் 1955-ஆம் ஆண்டு பட்டிஸ்டா என்பவர் இதைக் கண்டறிந்தார்.

மருந்துப் பொடியை நீர்விட்டுப் பிசைந்து, குருணையாக்கி, உலர்த்திய பிறகே அச்சில் அழுத்துவது பழைய முறை. ஈரமும் வெப்பமும் சில மருந்துகளைச் சிதைத்துவிடும். ஆஸ்பிரின் ஈரத்தில் சிதைந்து புளிப்பு வாடை வீசுவது மருந்துக் கடைக்காரர்கள் அறிந்ததே. நுண்படிகச் செல்லுலோஸின் துகள்கள் அழுத்தத்தில் நசுங்கி, மீண்டும் விரியாமல், ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், கலவையை உலர்நிலையிலேயே நேரடியாக அழுத்திவிடலாம். ஆயினும் இம்முறை எல்லா மருந்துக்கும் பொருந்தாது: 500 மில்லிகிராம் பாராசிட்டமாலின் படிகங்கள் எளிதில் ஒட்டுவதில்லை, அவற்றைப் பிணைக்கப் போதுமான செல்லுலோஸைச் சேர்த்தால், விழுங்க முடியாத அளவுக்கு மாத்திரை பெருத்துவிடும்.

நண்பர் சொன்ன ‘மாவு’ பெரும்பாலும் உருளைக்கிழங்கு மாவுச்சத்தை வேதிமாற்றம் செய்து பெறும் சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட். வயிற்றில் நீரை உறிஞ்சிப் பன்மடங்கு உப்பி, மாத்திரையை உடைத்து மருந்தை விடுவிப்பது அதன் வேலை. (காற்றின் ஈரமும் அதைப் பாதிக்கும் என்பதால், மாத்திரையை உண்ணும் வரை அட்டையிலேயே வைத்திருங்கள்.) செல்லுலோஸோ செரிக்காமல், உணவின் நார்ச்சத்தைப் போலவே வெளியேறிவிடுகிறது.

அதே செல்லுலோஸை வேதிமாற்றம் செய்து பெறும் ஹைப்ரோமெல்லோஸ் நேர்மாறாக, நீர் பட்டதும் கூழாகி மருந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மெல்ல விடுவிக்கிறது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் நீடித்த வெளியீட்டு மாத்திரைகள் பலவற்றில் அது உண்டு. அவற்றை நசுக்கினால் மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் வெளிப்பட்டுவிடும்; முழுதாக விழுங்கியவர்களின் மலத்தில் சில வேளைகளில் மாத்திரை வடிவிலேயே தென்படும் மென்மையான பொருள், மருந்து வெளியேறிய பின் எஞ்சிய கூடு மட்டுமே.