சொட்டின் வாயை அடைத்த மாமா

கேள்வி: கூரைக்குள் இருக்கும் கீசரின் வெளிக்குழாய் இரவெல்லாம் சொட்டுகிறதே என்று, மாமா துடைப்பக் கட்டையைச் சீவி அடைத்து, மேலே கல்லாய் இறுகும் பிராட்லி புட்டி பூசினார். மறுநாள் பக்கத்துக் குழாய் சொட்டியது, அதையும் அடைத்தார். அடுத்து சமையலறை வெந்நீர்க் குழாய் ஒழுகியது; வாஷர் மாற்றினார். இப்போது எதுவுமே சொட்டவில்லை. நாங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்கிறார். உதவ வந்தவரைக் கேலி செய்வது முறையா?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: முறையைப் பிறகு பார்ப்போம். முதலில் வீட்டின் மின்சார டிபி போர்டில் கீசர் சுவிட்சை அணைத்துவிட்டு வாருங்கள்.

அணைத்தாயிற்றா? இனி தாராளமாகச் சிரிக்கலாம். மாமா எதையும் பழுது பார்க்கவில்லை. பழுதே இல்லாத ஒன்றை மூன்று தவணையாகப் பழுதாக்கியிருக்கிறார். அதுவும் சுத்தமான வேலை!

150 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய இரண்டேகால் லிட்டர் கூடுதல் இடம் கேட்கும். தொட்டி இரும்பு, விரிந்து கொடுக்காது. வந்த வழியே திரும்பிப் போகவும் அந்த வழியிலுள்ள வால்வு விடாது. அந்த இரண்டேகால் லிட்டர் வெளியேறத்தான் அந்த வால்விலிருந்து வரும் முதல் குழாய், மாமா முதலில் அடைத்தது. 3 கிலோவாட் எலிமெண்ட் அவ்வளவு நீரைச் சூடாக்க இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் எடுக்கும்; அத்தனை நேரமும் சொட்டும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த இரவில் சொட்டு அதிகமாகத் தெரிவதும் இதனால்தான்: தொட்டி நன்றாக ஆறிப்போயிருக்கும்.

அந்த வாயை அடைத்ததும் அழுத்தம் இரண்டாவது வாயைத் தேடியது. மறுநாள் சொட்டிய பக்கத்துக் குழாய் பாதுகாப்பு வால்வினுடையது. அழுத்தம் மிஞ்சினாலோ, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நீர் கொதிநிலையை நெருங்கினாலோ திறக்கவேண்டிய கடைசிக் கதவு அது. அதுவும் போனபின், பாவம், சமையலறைக் குழாயின் நைந்த வாஷர்தான் வீட்டைக் காத்துக்கொண்டிருந்தது. அதற்கும் புது வாஷர்! புட்டியோ சந்திரனுக்கே போன சரக்கு என்று நம் நாட்டில் பெருமை பேசுகிறோமே, அது. லேசில் விட்டுக்கொடுக்காது. தெர்மோஸ்டாட்டும் மக்கர் செய்து தொட்டி கிழிந்தால், 100 டிகிரியைத் தாண்டி அடைபட்டிருந்த நீரில் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். உங்கள் கூரை தாங்காது.

ஆகவே, வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் குளிர்ந்து வரும்வரை ஓடவிடுங்கள். திறந்த உடனேயே அழுத்தம் இறங்கிவிடும். சூடு இறங்கத்தான் நேரமாகும். இறுகிய புட்டியைச் சுரண்டிப் பயனில்லை. அடைப்புக்கும் வால்வுக்கும் இடையில் குழாயையே அறுக்கவேண்டும். அதைப் பிளம்பர்களைப் பதிவு செய்யும் பிஐஆர்பி அமைப்பில் பதிவுள்ள பிளம்பர் செய்யட்டும். இரண்டு வால்வுகளையும் தெர்மோஸ்டாட்டையும் சோதித்து, வேலை விதிப்படி இருக்கிறது என்று சொல்லும் சிஓசி சான்றிதழ் தரட்டும். நாளை ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். அதுவரை சுவிட்சைத் தொடாதீர்கள்.

எந்தச் சொட்டுக்குக் கவலைப்படவேண்டும்? சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டும் குளிர்ந்த நீர் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். கீசர் அணைந்திருக்கும்போதும் நிற்காமல் சொட்டினால் வால்வில் மணல் சிக்கியிருக்கும் அல்லது அது தேய்ந்திருக்கும். பாதுகாப்புக் குழாயில் சுடுநீர் வந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டிலிருந்து வரும் பிளாஸ்டிக் குழாய் சொட்டினால் பெரும்பாலும் தொட்டியே ஓட்டை, புதிது வாங்கப் பணம் தேடுங்கள்.

கேலிக்கு வருவோம். மாமாவின் மனசைக் கேலி செய்யாதீர்கள்; துடைப்பக் கட்டையைக் கேலி செய்யலாம். கோபம் தணிய அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள். பிளம்பர் போனபிறகு, முதல் குழாயின் கீழே ஐந்து லிட்டர் வாளி வைத்து, ஒரு முறை சூடேறி முடிவதற்குள் எவ்வளவு சேர்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டு, இரண்டரை லிட்டருக்குள் இருந்தால் அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றட்டும். வாளி நிரம்பி வழிந்தால் உங்களைக் கூப்பிடட்டும், துடைப்பத்தை அல்ல.